நாமே பிரித்த கூரை

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நம்ம ஸ்கூல் கூரைய புயல் தூக்கிக்கினு போச்சே, யாருக்காச்சும் ஞாபகம் கீதா?" என்று கேட்டிருந்தார். பதினொரு பேர் பதில் போட்டிருந்தீர்கள். ஓடு ஒன்று பறந்து வந்து தன் வீட்டு வாசலில் விழுந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். இருக்கலாம். ஆனால் அந்த வருடம் நம் கூரை இரண்டு முறை போனது. முதல் முறை புயல் கொண்டுபோனது. இரண்டாம் முறை நாமே பிரித்தோம். அந்த இரண்டாவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். கிழமை தப்பினால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எந்தப் புத்தகம் வாசித்தாலும் ஓரத்தில், இது எந்த மாதம், அப்போது மழையா வெயிலா என்று பென்சிலால் குறித்துவைக்கிற பழக்கம். அதனால் உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிடுகிறேன்.

புயல் வந்தது ஐப்பசிக் கடைசியில். தீபாவளிப் பட்டாசுக் காகிதம் மணலில் இன்னும் சிவப்பாகக் கிடந்தது. புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அப்போது இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு, என் அக்கா எட்டாம் வகுப்பு. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, சாலைக்கும் கடலுக்கும் இடையில் இருந்த நம் குப்பத்துப் பள்ளியில் எட்டோடு படிப்பு முடிந்தது. இரண்டு வாத்தியார்கள், நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், நாட்டு ஓடு வேய்ந்த ஒரே நீளக் கட்டடம். எட்டாவது பரீட்சையில் தேறினால் அக்காவைத் திருவொற்றியூர்ப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகப் பெரிய சார் சொல்லியிருந்தார். குப்பத்திலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் அங்கே போனதில்லை. தசமக் கணக்கைப் பலகையில் பார்த்ததுமே விடை சொல்கிறவள் அக்கா ஒருத்திதான்.

ஒரே இரவில் ஓடு அத்தனையும் போய், வடக்குச் சுவர் சரிந்து, பள்ளிக்கூடம் மேலே திறந்த பெட்டி மாதிரி நின்றது. கரும்பலகை இருந்தது. அதற்கு முன்னால் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரும் அதில் ஒரு நண்டும் இருந்தன. அன்றைக்கே பெரிய சார் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். புயலில் அடிபட்ட கிராமத்துப் பள்ளிகளைக் கட்டித்தருகிற ஒரு தர்ம சங்கம் பட்டணத்தில் இருப்பதாக அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஈரச் சுவரில் அட்டையை வைத்து எழுதினார். நான் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததால் முதல் வரி எனக்குத் தெரியும். 'எங்கள் பள்ளிக்குக் கூரை இல்லை.'

பதில் வருகிறவரை ஊர் சும்மா இருக்கவில்லை. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்களில் கட்டுமரங்களை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காயப்போடுவது நம்மிடம் வழக்கம்தானே. ஊர்த் தலைவர், வீட்டுக்கு ஒரு மரமும் ஒரு ஆளும் என்று சொல்லிவிட்டார். நாலே நாளில் அந்த மரங்களைக் குறுக்கே போட்டு, கயிற்றால் இறுக்கி, படகுகளின் பாய்த்துணிகளை மேலே விரித்துக் கட்டினார்கள். காற்று தூக்காமல் இருக்கப் பழைய வலை, வலையின் ஓரமெல்லாம் ஈயக் குண்டு. மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த பாய்த்துணி என்பதால் உள்ளே விழுந்த வெளிச்சம் டீயின் நிறத்தில் இருந்தது. தாரும் கருவாடும் கலந்த வாசனை. காற்றடித்தால் கூரை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். அவரவர் வீட்டுப் பாய்க்குக் கீழேதான் உட்காருவேன் என்று நாம் சண்டை போட்டது யாருக்காவது நினைவிருக்கிறதா? எங்கள் நைனாவின் பாயில் அம்மாவின் நீலப் புடவையில் கிழித்த ஒட்டு ஒன்று இருந்தது. நானும் அக்காவும் அதன் கீழே உட்கார்ந்தோம். என் ஆயுளில் நான் உட்கார்ந்த வகுப்பறைகளில் அதுதான் அழகு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம் சங்கத்தின் பதில் வந்தது. வருகிற புதன்கிழமை நேரில் வந்து சேதத்தைப் பார்ப்போம், பார்த்தபின் முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல், வகுப்பு நடக்கும்போதே ஊர்த் தலைவர் வந்துவிட்டார்.

"இன்னா சார், கூரைதான் கீதே. வந்து பாத்தா குடுப்பானா?"

"கொடுக்க மாட்டாங்கதான்," என்றார் பெரிய சார். அவர் தென்கோடியிலிருந்து வந்தவர். இத்தனை வருடம் நம்மோடு இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை. "அதான் மறுபடியும் ஒரு கடுதாசி போடலாம்னு இருக்கேன். ஊர்க்காரங்க தற்காலிகமா ஒரு கூரை போட்டிருக்காங்கன்னு."

"போட்டுக்கினு இரு. அப்பால அவன் வேற குப்பத்துக்குக் கட்டிக்குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பான்."

"அதுக்காகப் பொய் எழுத எனக்கு வராதுய்யா."

இங்கே பெரிய சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை லெவல் கிராசிங்கில் கூட்ஸ் வண்டி நின்று அவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். நமக்கு ஒன்றும் தெரியவில்லை, கேட்க மேலே யாரும் இல்லை. அவர் தன் பெயருக்கு நேரே அரைநாள் விடுப்பு என்று எழுதிக்கொண்டு, முழுநாளும் பாடம் நடத்தினார். அப்படிப்பட்டவர்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் கடற்கரையில் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். திங்கள் காலை தலைவரை அழைத்துவரச் சொன்னார். முகம் தெளிந்திருந்தது.

"கடுதாசில கூரை இல்லன்னு எழுதியிருக்கேன். புதன்கிழமை அவங்க வந்து பாக்கறப்போ கூரை இருக்கக் கூடாது. அவ்வளவுதான. நாளைக்குப் பிரிச்சிருவோம். வியாழக்கிழமை திரும்பக் கட்டிருவோம். யாரும் பொய் சொல்லவும் வேண்டாம்."

தலைவர் வாயைப் பிளந்தார். "சாரு மூளைன்னா மூளைதான்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு ஆள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா மட்டும் என் காதில், "வியாழக்கெழம மழ வந்தா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. கூரை பிரிப்பதைப் பார்க்கிற ஆசையில் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பிரித்தோம். ஆம், நாமும்தான். முடிச்சுகளை அவிழ்க்கச் சின்ன விரல்கள் தேவைப்பட்டன. திருவிழா மாதிரி இருந்தது. ஈயக் குண்டுகளைப் பொறுக்கி அரிசி மூட்டைக் கோணியில் போட்டோம். மாலைக்குள் மறுபடியும் திறந்த பெட்டி.

புதன்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, மதியம்வரை சாலை ஓரத்தில் நின்றோம். மணலிப் பக்கம் போகிற டேங்கர் லாரிகளை எண்ணினோம். யாரும் வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கார்டு வந்தது. தவிர்க்க முடியாத காரணம், இன்னும் சில நாட்களில் வருகிறோம். எந்த நாள் என்று எழுதவில்லை.

எந்த நாள் என்று எழுதாததுதான் வினை. இன்று கட்டினால் நாளை வந்துவிடுவார்களோ. நாளை வந்துவிட்டால்? பெரிய சார் அந்தக் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார், படிப்பார், வைப்பார். "வந்து பாத்துட்டுப் போகட்டும், அன்னைக்கே கட்டிருவோம்" என்பார். இதற்குள் கடல் அடங்கிவிட்டது. புயலுக்குப் பின்னால் இறால் திரண்டு ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். "ராலு ஓடுது!" என்று ஒரு காலையில் யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பள்ளிச் சுவர் ஓரமாக அடுக்கியிருந்த மரங்களை அவரவர் அடையாளம் பார்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். பாய்களும் போயின. நைனாவும் போனார். ஒரு மாதமாகக் கடலுக்குப் போகாத வீடுகள். யாரை என்ன சொல்ல? அன்று சாயங்காலம் கூரை கட்ட ஒரு கயிறுகூட மிச்சமில்லை.

பிறகு மழை வந்தது. கார்த்திகை மழையை நான் வர்ணிக்கத் தேவையில்லை. வகுப்பு இரண்டு நாள் அம்மன் கோயில் மண்டபத்தில், ஒரு நாள் மீன் ஏலக் கொட்டகையில், பிறகு எங்கும் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த அந்த மழை நீர் கரும்பலகையில் கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். இறால் மலிந்ததால் ராயபுரத்து ஷெட்டிலிருந்து விடியற்காலையில் டெம்போ வர ஆரம்பித்தது. தோல் உரிக்க ஆள் வேண்டும், சின்ன விரலாக இருந்தால் நல்லது.

"ஸ்கூலு கட்ற வரைக்கும்தான்டி," என்றாள் அம்மா. "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு."

"எப்பம்மா கட்டுவாங்க?"

"கட்டுவாங்க போ."

அக்கா கணக்குப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு டெம்போவில் ஏறினாள். முதல் வாரம் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது வாரம் புத்தகம் அலமாரியில் இருந்தது. "தண்ணி தெறிக்குது," என்றாள். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து அவள் விரல் நுனிகள் வெளுத்து, தோல் சுருண்டு, நகக்கண்ணில் இறால் முள் குத்திச் சீழ் பிடித்தது. படிகாரத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு என்னிடம் பாட்டுப் பாடச் சொல்வாள். எனக்கு அவள் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை. நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

சங்கத்தார் வந்தது மார்கழியில். கிழமை எனக்கு உறுதியில்லை. கார்டில் எழுதியிருந்த அந்த 'சில நாட்கள்' ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்ததால் ஷெட்டுக்குப் போகிற பிள்ளைகளும் அன்று போகாமல் நின்றார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் தலைமை. கூரையில்லாத சுவருக்குள் நின்று மேலே பார்த்து, "அடப் பாவமே, அன்னையிலேர்ந்து இப்படியேவா?" என்றார். பெரிய சார் தரையைப் பார்த்தார். கூட வந்த தையல்காரர் நாற்பத்தெட்டுப் பேருக்கும் சீருடைக்கு அளவெடுத்தார். அந்த அம்மா ஒவ்வொருவரையும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பந்து, கலர் பென்சில், பூகோள உருண்டை என்று சொன்னோம். அக்கா, "சீக்கிரம் கட்டுங்கம்மா," என்றாள். அந்த அம்மா சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டினார்.

சொன்னபடி கட்டினார்கள். அதை மறைக்கக் கூடாது. தை முழுக்க அஸ்திவாரம், மாசியில் சுவரும் தளமும். நாம் மணல் சுமந்தோம், தண்ணீர் ஊற்றினோம், ஈரச் சிமெண்டில் கால் பதித்து அடி வாங்கினோம். பங்குனி முதல் வாரம் ஒரு லாரியில் சாமான் வந்திறங்கியது. பெஞ்சு, மேசை, பீரோ, சுவர்க் கடிகாரம், உருண்டை, கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய ஒரு பெட்டி. அந்தக் குழாய்களை என்ன செய்வது என்று பெரிய சாருக்கே தெரியாமல் பூட்டி வைத்தார். நாம் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. முதல் நாள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபோது எனக்குத் தலை சுற்றியது.

ஆனால் உட்கார முப்பத்தொரு பேர்தான் இருந்தோம். பதினேழு பேர் ஷெட்டில்.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் பெரிய சார் மறுபடியும் கடற்கரையில் நடந்தார். சங்கத்திடம் நாற்பத்தெட்டுப் பெயர் கொடுத்திருந்தார். நாற்பத்தெட்டுச் சீருடையும் பெயர்ச் சீட்டு குத்தி வந்திருந்தன. மேடையில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். "பேர் கூப்பிட்டா ஆள் இருக்கணும்," என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் ராயபுரம் போய் ஷெட்டுக்காரரிடம் பதினேழு பேருக்கும் ஒரு நாள் லீவு கேட்டு வாங்கி வந்தார்.

அக்கா அன்று விடியும் முன்பே எழுந்து எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சீருடை தொளதொளவென்று தொங்கியது. அளவெடுத்தபோது இருந்த உடம்பு மூன்று மாதத்தில் கரைந்திருந்தது. பெரிய சார் அவள் பெயரைக் கூப்பிட்டதும், "உள்ளேன் ஐயா" என்றாள். நாமெல்லாம் வெறுமனே எழுந்து ஓடினோம். அவள் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். பிறகு எட்டாம் வகுப்புப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, மேசையின் மரத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுக் கையை மடிக்குள் எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடி அம்மா வரிசை வரிசையாக வந்தவர் அவளிடம் நின்றார். "நீதானே சீக்கிரம் கட்டச் சொன்னவ? பாரு, கட்டியாச்சு."

"பாத்தேன்மா. நல்லா கீது."

"எத்தனாவது படிக்கறே?"

அக்கா பெரிய சாரைப் பார்த்தாள். நான் இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தேன்.

"எட்டாம் வகுப்புங்கம்மா," என்றார் பெரிய சார்.

மறுநாள் காலை, இருட்டு விலகி வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் அக்காவுக்குச் சோற்றுத் தூக்கைக் கொடுக்கக் கூடவே போனேன். டெம்போ நிற்கிற இடத்தில் பெரிய சார் நின்றிருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. டெம்போவில் ஏறியிருந்த பெண்கள் விடவில்லை.

"இன்னா சாரே, நீயும் ராலு உரிக்க வரியா?"

"வெரலு பெருசும்மே இவருக்கு. மேஸ்திரி சேத்துக்க மாட்டான்."

அவர் காதில் வாங்கவில்லை. அக்காவின் வழியை மறித்து நின்றார்.

"பரீட்சைக்கு இன்னும் முப்பது நாள் இருக்கும்மா. நீ பத்து நாள்ல புடிச்சிருவே. நேத்து பேர் கூப்பிட்டேன், உள்ளேன்னு சொன்னே. எட்டாம் வகுப்புன்னு நான் என் வாயால சொல்லிட்டேன். இன்னைக்கு நீ வரலன்னா அது பொய்யாயிரும்."

அம்மாவும் அதற்குள் வந்துவிட்டாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு அக்காவின் விரலில்தான் எரிந்தது. நைனாவின் கட்டுமரம் தை மாதமே பாறையில் மோதி உடைந்திருந்தது. அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முடிவை ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் விட்டுவிட்டாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும் சார்," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் தவறு செய்த பிள்ளைக்கு அவர் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னாள். "அன்னிக்கே அந்தக் கடுதாசியும் பொய்யா இருந்துட்டுப் போயிருக்கலாம்."

என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். டெம்போ சாலை ஏறித் தெற்கே திரும்பிப் போய்விட்டது.

அன்று பெரிய சார் பெயர் கூப்பிடவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து, புதிய மேசையில் வைத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டார். அந்தப் பள்ளியில் நான் எட்டு வருடம் படித்தேன். அவர் பெயர் கூப்பிடாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். பங்குனி இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.